சேன் வெரான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ஆல்ப்ஸில் இருக்கும் சேன் வெரான் கிராமத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

சேன் வெரான் சரியா எங்க இருக்கு?

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டிய ஓத்-ஆல்ப் மாவட்டத்தில், கேராஸ் என்ற மலைப்பகுதியில் இருக்கிறது. ஊருக்குக் கீழே ஏக் பிளான்ஷ் என்ற சிற்றாறு ஓடுகிறது. அது மோலின் கிராமத்தருகே ஏக் ஆன்யெலுடன் சேர்ந்து, கீல் ஆற்றில் விழுந்து, கடைசியில் துய்ரான்ஸ் ஆற்றுக்குப் போகிறது. இந்தப் பகுதி முழுவதும் 1977 முதல் கேராஸ் வட்டார இயற்கைப் பூங்காவுக்குள் வருகிறது.

ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் சுமார் 200 பேர்தான். கோடையிலும் பனிச்சறுக்குக் காலத்திலும் கூட்டம் பல மடங்காகும்.

ஐரோப்பாவிலேயே உயரமான ஊர்னு போர்டு வச்சிருக்காங்களே, நிஜமா?

ஊரின் உயரம் 2,040 மீட்டர். பிரான்சில் பழங்காலம் முதல் விடாமல் மக்கள் வாழ்ந்துவரும் கிராமங்களில் இதுதான் உயரமானது என்று தாராளமாகச் சொல்லலாம். வால் தோரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறதே என்பார்கள். அது பனிச்சறுக்குக்காக இருபதாம் நூற்றாண்டில் கட்டிய விடுதிக் குடியிருப்பு, கிராமம் அல்ல.

"ஐரோப்பாவிலேயே" என்று நீட்டினால்தான் சிக்கல். சுவிட்சர்லாந்தில் யூஃப் என்ற சிற்றூர் 2,126 மீட்டரில் இருக்கிறது. ஆனால் அது தனி ஊராட்சி இல்லை, ஆவெர்ஸ் ஊராட்சியின் ஒரு பகுதி. ஊராட்சியைக் கணக்கில் எடுப்பதா, குடியிருப்பைக் கணக்கில் எடுப்பதா என்பதைப் பொறுத்து பட்டம் கைமாறும். இந்தப் பட்டத்துக்காக மட்டும் அங்கே போக வேண்டாம். அதைவிடப் பார்க்கத்தக்கவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

அவ்வளவு உயரத்துல போய் எதுக்குக் குடியேறினாங்க? கீழ இடமே இல்லையா?

மூன்று காரணங்கள். முதலாவது வெயில். ஊர் முழுவதும் தெற்கு பார்த்த சரிவில் இருக்கிறது. மேகங்கள் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள மலைத்தொடர்களில் மழையைக் கொட்டிவிட்டுத்தான் இங்கே வந்து சேரும். அதனால் ஆல்ப்ஸின் மற்ற பகுதிகளை ஒப்பிட்டால் கேராஸ் வறண்டது, வெயில் மிகுந்தது. பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்றும் நிழலும் தேங்கும், ஆற்று வெள்ளமும் வரும். 1957 ஜூனில் கீல் ஆறு பெருக்கெடுத்து ஆற்றோர ஊர்களைச் சின்னாபின்னமாக்கியது. மேலே இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

இரண்டாவது மண். இங்குள்ள பாறை பெரும்பாலும் ஏடு ஏடாக உடையும் மினுமினுப்பான படலப் பாறை. ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் இருந்த இடத்தில் கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இப்படிப் பாறையானது. அது எளிதில் சிதைந்து மென்மையான சரிவுகளையும் ஆழமான மண்ணையும் தரும். அதனால்தான் 2,000 மீட்டருக்கு மேலும் கம்பு போன்ற எளிய தானியமான ரையையும் வைக்கோல் புல்லையும் விளைவிக்க முடிந்தது. மூன்றாவது மேய்ச்சல்: ஊருக்கு மேலே பல நூறு மீட்டர் உயரத்துக்குப் புல்வெளிதான்.

வீடெல்லாம் கீழ கல்லு, மேல மரம்னு இருக்கே. அழகுக்கா?

அழகுக்காக அல்ல. கீழ்த்தளம் தடித்த கற்சுவர். குடும்பமும் கால்நடையும் குளிர்காலத்தைக் கழித்தது அங்கேதான். அதற்கு மேலே லார்ச் மரத்தடிகளைப் படுக்கவைத்து, மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி அடுக்கிய களஞ்சியம். இதை ஃப்யூஸ்ட் என்கிறார்கள். தடிகளுக்கு இடையே சிறு இடைவெளி இருப்பதால் காற்று புகுந்து வைக்கோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். ஆறேழு மாதத்துக்கு வேண்டிய வைக்கோல் தலைக்கு மேல் அடைந்திருக்கும்போது, கீழ்த்தளத்துச் சூடு மேலே போகாது.

முன்பக்கம் அடுக்கடுக்காக நீளும் மரத்தாழ்வாரங்களைக் கவனியுங்கள். ரை கதிர் பல வருடங்களில் முழுதாக முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். பச்சையாகவே அறுத்து, கட்டுக்கட்டாக இந்தத் தாழ்வாரங்களில் தொங்கவிட்டு வெயிலில் முற்றவைப்பார்கள். கூரை நீண்டு இறங்குவது அவற்றை மழையிலிருந்து காக்கத்தான். வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் இன்னொன்று புரியும்: சரிவில் கட்டியிருப்பதால் பின்னால் களஞ்சியத்தின் வாசல் தரைமட்டத்துக்கு வருகிறது. வைக்கோலை ஏணியில் தூக்க வேண்டியதில்லை, நேராக உள்ளே இழுத்துவிடலாம்.

லார்ச் மரத்தில் பிசின் அதிகம், அதனால் உளுக்காது. வெயில் படும் தெற்குப் பக்கம் ஏறக்குறையக் கருப்பாகவும் மற்ற பக்கங்கள் சாம்பல் நிறமாகவும் மாறும். அது வண்ணப்பூச்சு அல்ல.

மாட்டோட ஒரே அறையிலேயா இருந்தாங்க?

ஆமாம். ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் பசு. விறகு அரிதான உயரத்தில் மாட்டின் உடற்சூடுதான் கணப்பு. ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றில் 1976 வரை குடும்பமும் கால்நடையும் இப்படியே வாழ்ந்தன. அந்த வீடு இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. 1641-ஆம் ஆண்டுக் கட்டடமான ல சூம் வீடும் அருங்காட்சியகம்தான். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ல சூம் போங்கள். மேலே சொன்ன அமைப்பு முழுவதையும் அறை அறையாக நடந்து பார்க்கலாம்.

ஊரு துண்டு துண்டா இருக்கே, நடுவுல இவ்வளவு காலி இடம் ஏன்?

தீ. வைக்கோல் அடைத்த மரவீடுகள் வரிசையாக ஒட்டியிருந்தால் ஒரு பொறியில் ஊரே போய்விடும். அதனால் ஊரைச் சில குடியிருப்புகளாகப் பிரித்து, இடையில் எதுவும் கட்டாமல் விட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக மரத்தொட்டி நீரூற்று, பொதுவான ரொட்டி அடுப்பு, ஒரு சிலுவை. அடுப்பு வீட்டுக்குள் இல்லாமல் பொதுவாக வெளியே இருந்ததற்கும் இதே பயம்தான் காரணம். கூடவே விறகுச் சிக்கனமும்: ஒருமுறை சூடேற்றிய அடுப்பில் எல்லாக் குடும்பங்களும் மாற்றி மாற்றிச் சுட்டுக்கொள்ளலாம்.

அப்படிச் சுட்ட ரை ரொட்டியை மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். கல்லாக இறுகிவிடும். பலகையில் ஒருமுனை பொருத்திய நீண்ட கத்தியால் அழுத்தி வெட்டி, சூப்பில் ஊறவைப்பார்கள்.

டிராகன் வந்து விழுந்த ஊராமே?

ஊரின் பெயர் ஆறாம் நூற்றாண்டில் கவாயோன் நகரில் ஆயராக இருந்த புனித வெரான் பெயரால் வந்தது. ஃபோந்தேன் த வோக்ளூஸ் என்ற இடத்தில் மக்களை அலைக்கழித்த டிராகனை அவர் காயப்படுத்தித் துரத்தினார் என்பது கதை. அது ஆல்ப்ஸை நோக்கிப் பறந்தபோது பன்னிரண்டு துளி இரத்தம் சிந்தியது, கடைசியில் இங்கே வந்து செத்தது. துளி விழுந்த இடங்கள் ஆட்டிடையர்கள் சமவெளியிலிருந்து கோடை மேய்ச்சலுக்கு ஏறும்போது தங்கும் இடங்களாம். கதையை நம்ப வேண்டியதில்லை. தெற்கே உள்ள ப்ரொவான்ஸ் சமவெளியின் ஆட்டுமந்தைகள் இந்த மலைக்கு வந்த வழித்தடத்தின் நினைவு அதற்குள் இருக்கிறது.

இந்தப் பக்கம் மலைக்காரங்க தனிக் குடியரசு வச்சிருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன்.

குடியரசு என்பது பின்னால் ஒட்டிய பெயர். நடந்தது இதுதான்: தோஃபினே பகுதியை ஆண்ட இரண்டாம் ஹம்பர்ட் பணமுடையில் இருந்தார். 1343 மே 29-இல் மலையூர்கள் அவருக்கு 12,000 தங்க ஃப்ளோரின் கொடுத்து, ஆண்டுதோறும் 4,000 தூக்கா நாணயம் கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டு, நிலவுடைமைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுதலை வாங்கின. வரியை ஊர்களுக்குள் பங்கிட்டு வசூலிக்கும் பொறுப்பும் ஊர்க்கூட்டங்களுக்கே வந்தது. இந்தப் பங்கீட்டு வட்டங்களுக்கு எஸ்கார்த்தோன் என்று பெயர். மொத்தம் ஐந்து. அதில் கேராஸ் ஒன்று. ஆறே ஆண்டுகளில், 1349-இல், தோஃபினே பிரெஞ்சு அரசகுலத்துக்குப் போனது. ஆனாலும் உரிமைகள் தொடர்ந்தன.

1713 உத்ரெக்ட் உடன்படிக்கை ஐந்தில் மூன்றைச் சவோய் அரசுக்குக் கொடுத்துவிட்டது. சேன் வெரானுக்கு நேர் மறுபக்கம் இருக்கும் வரெய்தா பள்ளத்தாக்கும் அதில் அடக்கம். மிச்சமிருந்த சலுகைகள் பிரெஞ்சுப் புரட்சியோடு முடிந்தன.

இவ்வளவு சின்ன ஊர்ல கத்தோலிக்கத் தேவாலயமும் புராட்டஸ்டண்ட் ஆலயமும் எப்படி?

பதினாறாம் நூற்றாண்டில் கேராஸில் புராட்டஸ்டண்ட் மதம் வேரூன்றியது. மதப்போர்களில் பழைய தேவாலயம் சிதைந்தது. இப்போதிருப்பது பதினேழாம் நூற்றாண்டில் மீண்டும் கட்டியது. முகப்புத் தூண்களைத் தாங்கும் இரண்டு கல் சிங்கங்கள் பழைய கட்டடத்திலிருந்து வந்தவை. புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் அரசாணையை 1685-இல் பதினான்காம் லூயி ரத்து செய்ததும் புராட்டஸ்டண்டுகள் பலர் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். தங்கியவர்கள் மறைவாக வழிபட்டார்கள். 1820-களில் ஜெனீவாவைச் சேர்ந்த போதகர் ஃபெலிக்ஸ் நெஃப் இந்த மலைகளில் பனியில் நடந்து நடந்து அந்தச் சமூகத்தைத் திரட்டினார்.

புராட்டஸ்டண்டுகள் பைபிளைத் தாங்களே படிக்க வேண்டும் என்பதாலும், நீண்ட குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாததாலும் இங்கே எழுத்தறிவு அதிகமாக இருந்தது. குளிர்காலத்தில் ஆண்கள் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கி ஆசிரியர் வேலை தேடுவார்கள். தொப்பியில் ஓர் இறகு செருகியிருந்தால் வாசிக்கக் கற்றுத்தருவார், இரண்டென்றால் எழுத்தும் கணக்கும், மூன்றென்றால் லத்தீனும்.

சிலுவையில சுத்தியல், ஏணி, சேவல் எல்லாம் தொங்குதே?

இயேசுவின் பாடுகளை நினைவூட்டும் பொருள்கள். ஆணி அடித்த சுத்தியல், பிடுங்கிய குறடு, உடலை இறக்கிய ஏணி, படைவீரர்கள் உருட்டிய பகடை, பேதுரு மறுதலித்தபோது கூவிய சேவல்.

சுவர்ல இருக்கிற சூரியக் கடிகாரம் தப்பு நேரம் காட்டுது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. அது காட்டுவது ஊரின் சூரிய நேரம். உங்கள் கைபேசி காட்டுவது நாட்டின் சட்ட நேரம். குளிர்கால நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 15 பாகையை வைத்தது. ஊர் இருப்பது சுமார் 6.9 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஏறக்குறைய 32 நிமிடம் கூட்ட வேண்டும். கோடை நேரத்தில் இன்னொரு மணியும் சேர்ந்து 1 மணி 32 நிமிடம்.

இதோடு பூமியின் சுற்றுப்பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஒரு திருத்தம் உண்டு. பிப்ரவரி நடுவில் சூரியன் சுமார் 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஜூலைக் கடைசியில் ஆறேழு நிமிடம் பின்தங்கும். ஆகவே அப்போது நிழல் 10-ஐத் தொட்டால் கைபேசியில் 11:40-க்குப் பக்கம் இருக்கும். நவம்பர் தொடக்கத்தில் அதே நிழலுக்குக் கைபேசி 10:16 காட்டும்.

இவ்வளவு கூட்டியும் ஒத்துவரவில்லை என்றால் இரும்புக் கம்பியைப் பாருங்கள். அது பூமியின் அச்சுக்கு இணையாக, இந்த இடத்தில் கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் இருக்க வேண்டும். கூரையிலிருந்து சரியும் பனி கம்பியை வளைத்துவிட்டால், ஓவியம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் நேரம் தவறும்.

அதை எல்லாம் வரைஞ்சது யாரு?

ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட சூரியக் கடிகாரங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் பியெமோந்தே பகுதியிலிருந்து வந்த ஜொவான்னி ஃப்ரான்செஸ்கோ ஸார்புலா என்ற நாடோடி ஓவியர் 1830-கள் முதல் இந்தப் பள்ளத்தாக்குகளில் வீடு வீடாகப் போய் வரைந்தார். அவர் கையை எளிதில் அடையாளம் காணலாம்: பளிங்கு போல் தீட்டிய சட்டகம், இருபுறமும் தூண், மலையில் இல்லவே இல்லாத வண்ணப்பறவைகள். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே வண்ணம் தீட்டியதால் நிறம் சுவருக்குள் ஊறி இத்தனை காலம் நிற்கிறது. காலை பத்து மணிக்கு மேல் பாருங்கள், அதற்கு முன் பல சுவர்களில் வெயில் ஏறியிருக்காது.

எப்படிப் போறது? ரயில் இருக்கா?

கிராமத்துக்கு ரயில் இல்லை. மோன்தோஃபேன்-கிலெஸ்த்ர் நிலையத்தில் இறங்க வேண்டும். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸிலிருந்து பிரியான்சோன் போகும் இரவு ரயில் அங்கே நிற்கும். அங்கிருந்து பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம், ஏறக்குறைய 35 கி.மீ. பருவம் மாறும்போது பேருந்து எண்ணிக்கை வெகுவாகக் குறையும், தண்டவாள வேலைக்காக இரவு ரயிலும் அவ்வப்போது நிறுத்தப்படும். ரயில் சீட்டு வாங்கும் முன்பே இரண்டு கால அட்டவணைகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். நிலையத்துக்கு மேலேயே பதினான்காம் லூயியின் இராணுவப் பொறியாளர் வோபான் 1693-இல் திட்டமிட்ட மோன்தோஃபேன் கோட்டை நகரம் இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் வீண் போகாது.

காரில் வருபவர்கள் கிலெஸ்த்ரிலிருந்து கீல் பள்ளத்தாக்கின் குறுகலான மலைவாசல் வழியாக ஷாதோ-கேராஸ் கோட்டையைத் தாண்டி, வில்-வியேயில் வலதுபக்கம் திரும்பி, மோலின் வழியாக ஏற வேண்டும். வரைபடச் செயலி பிரியான்சோனிலிருந்து இசோர் கணவாய் (2,360 மீ.) வழியைக் காட்டும். அது கோடையில் மட்டும் திறந்திருக்கும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மாவட்டத்தில் பனிக்கால டயரோ சங்கிலியோ சட்டப்படி கட்டாயம். பெட்ரோலும் பெரிய மளிகையும் கிலெஸ்த்ரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

காரை ஊருக்குள்ள ஓட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஊர் நுழைவாயிலில் உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். தெரு சரிவாகவும் கல் பாவியதாகவும் இருக்கிறது. சக்கரப்பெட்டி இழுப்பதைவிடத் தோள்பை மேல். விடுதியில் தங்குபவர்கள் பெட்டியை இறக்க வழி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் நல்லது?

நடப்பதற்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. புல்வெளிப் பூக்களுக்கு ஜூலை. லார்ச் ஊசியிலைகள் பொன்னிறமாவது அக்டோபரில், ஆனால் அப்போது பல விடுதிகள் மூடியிருக்கும். ஏப்ரல், மே, நவம்பர் மூன்றும் எதற்கும் உதவாத மாதங்கள்: பனிச்சறுக்கும் இருக்காது, பாதையும் திறந்திருக்காது. ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் கூட்டம் தாங்காது.

உயரத்துல மூச்சு வாங்குமா?

காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். பெரும்பாலோருக்கு ஏறும்போது லேசாக இரைக்கும், முதல் இரவு தூக்கம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். வெயில்தான் உண்மையான எதிரி. குளிர்ந்த காற்றில் சூடே தெரியாமல் தோல் வெந்துவிடும்.

சமையல் வசதியுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஒன்று: தண்ணீர் சுமார் 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, குக்கர் இருந்தால்தான் ஆகும்.

அரை நாள்தான் இருக்கு. எதைப் பார்க்கலாம்?

ல சூம், தேவாலய முகப்பு, மேல்தெருவிலும் கீழ்த்தெருவிலும் ஒரு நடை. நேரம் மிச்சமிருந்தால் ஊர்க்கோடியில் உள்ள சூரிய இல்லத்தில் சூரியனின் நேரடி பிம்பத்தைத் திரையில் காட்டுவார்கள். ஊருக்கு மேலே ஷாதோ-ரெனார் சிகரத்தருகே, 2,900 மீட்டருக்கு மேல், 1974-இல் பாரிஸ் வானாய்வகம் சூரிய ஒளிவட்டத்தை ஆராய ஒரு நிலையம் கட்டியது. இப்போது அதைத் தன்னார்வ வானியல் ஆர்வலர்கள் நடத்துகிறார்கள்.

ஒரு முழு நாள் நடக்கணும்னா?

க்ளோசிஸ் சிற்றாலயம் (2,399 மீ.) வரை போங்கள். ஊரிலிருந்து ஏறக்குறைய 6 கி.மீ., மெதுவாக ஏறினால் இரண்டு மணி நேரம். கோடையில் தனியார் வண்டிகளுக்கு அந்த வழி மூடப்பட்டு, சிற்றுந்து விடுவார்கள். ஏற்றத்துக்குச் சிற்றுந்து, இறக்கத்துக்குக் கால் என்று வைத்துக்கொண்டால் குழந்தைகளும் சமாளிப்பார்கள். ஜூலை 16 அன்று வரெய்தா பள்ளத்தாக்கிலிருந்து இத்தாலியர்கள் கணவாய் தாண்டி நடந்து வந்து இங்கே கூட்டு வழிபாட்டில் சேர்வார்கள். எஸ்கார்த்தோன் காலத்து உறவு இதில்தான் இன்றும் தெரிகிறது.

வழியில் கைவிடப்பட்ட பச்சைப் பளிங்குச் சுரங்கமும், அதற்கு மேல் செப்புச் சுரங்கமும் வரும். செப்பை கி.மு. 2000-ஐ ஒட்டிய வெண்கலக் காலத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் மறுபடி வெட்டியபோதுதான் பழைய வேலையின் தடயங்கள் தெரியவந்தன. பளிங்கும் செம்பும் முன்னே சொன்ன கடலடித் தரையின் மிச்சங்களே. சுரங்க வாய்க்குள் நுழையாதீர்கள், கூரை நிலையற்றது. கால் வலு உள்ளவர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் ஏறி பிளான்ஷ் தங்குமனைக்கும் ஏரிக்கும் போகலாம். அங்கிருந்து தெரியும் கூர்மையான தேத் தே துவாயி (3,175 மீ.) கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

ஆட்டு மந்தைக்குள்ள பெரிய வெள்ளை நாய் குரைச்சுக்கிட்டே வருதே, என்ன பண்றது?

அது பாத்து என்ற காவல்நாய். 1990-களில் ஓநாய்கள் இத்தாலியிலிருந்து திரும்பி வந்த பிறகு இவை பெருகின. ஓடாதீர்கள், கைத்தடியை ஓங்காதீர்கள், கண்ணுக்கு நேராக முறைக்காதீர்கள். நின்று, அமைதியான குரலில் பேசி, நாய் மோப்பம் பிடித்து முடித்ததும் மந்தையைச் சுற்றி அகலமாக விலகிப் போங்கள். சைக்கிளில் வந்தால் இறங்கி, அதை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். உங்கள் சொந்த நாயைக் கூட்டிவந்தால் தொல்லை இரட்டிப்பாகும்.

அப்படியே இத்தாலிக்குத் தாண்டிட முடியுமா?

நடந்து போனால் சேன் வெரான் கணவாய் (2,844 மீ.) வழியாகக் கியனாலே கிராமத்தில் இறங்கலாம். நாள் முழுக்க ஆகும், ஜூலைத் தொடக்கம் வரை மேலே பனி கிடக்கக்கூடும். காரில் என்றால் முதலில் மோலினுக்கு இறங்கி, அங்கிருந்து ஆன்யெல் கணவாய் (2,744 மீ.) ஏற வேண்டும். அந்தச் சாலை இலையுதிர்காலக் கடைசியிலிருந்து வசந்தக் கடைசி வரை மூடியிருக்கும். தேதி ஆண்டுக்காண்டு பனியைப் பொறுத்து மாறும். ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் பொது என்றாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். எல்லையில் சில நேரம் சோதனை உண்டு.

ஆன்யெல் கணவாயில் காரை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் ஏறினால் காரமாந்த்ரான் சிகரம் (3,025 மீ.) வரும், கயிறு தேவையில்லை. மோன்தே வீசோ (3,841 மீ.) எதிரிலேயே நிற்கும். மதியத்துக்கு மேல் இத்தாலிச் சமவெளியிலிருந்து மூடுபனி ஏறி அதை மறைத்துவிடும், அதனால் காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.